கவுன்டருக்குப் பின்னால் ஒரு புரொபசர்

'என்ன வேலை பார்க்கறீங்க?' என்ற கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். டாக்டர், வக்கீல், கண்டக்டர், சமையல்காரர்... கேட்டவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் ('சம்பளம் எவ்வளவு?') போய்விடலாம். 'டிஜிட்டல் கவர்ன்மென்ட்டில் புரொபசர்' என்று ஒருவர் பதில் சொன்னால்? கேட்டவர் முதலில் முழிப்பார். பிறகு, 'எங்க வீட்டு பிரிண்டர் வேலை செய்யலை சார், கொஞ்சம் பாத்துத் தர்றீங்களா?' என்பார்.

அப்படியும் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது. அரசாங்கம் கம்ப்யூட்டர் வாங்கினால் என்ன ஆகிறது, யாருக்கு வசதி, யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை ஆயுசு முழுக்க உட்கார்ந்து பார்ப்பது. இதை ஒரு படிப்பாகவே ஆக்கியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஹெலன் மார்கெட்ஸ். இந்த வாரம் அந்த அம்மையாரின் உத்தியோகக் கதை. காதல், கிசுகிசு எதிர்பார்ப்பவர்கள் பக்கத்தைப் புரட்டலாம். ராசிபலன் கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். பட்டம் வாங்கியதும் ராங்க் ஜெராக்ஸ் கம்பெனியில் புரோகிராமர், சிஸ்டம்ஸ் அனலிஸ்ட். ('ரெண்டு காப்பி ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க' என்று நம் கவுன்டர்களில் துரத்துகிறார்களே, அந்த ஜெராக்ஸ்தான். இங்கிலாந்தில் ராங்க் என்ற கம்பெனியோடு கூட்டு.) நல்ல வேலை. மாசம் பொறந்தால் சம்பளம். அதை விட்டுவிட்டு 1989-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் போய் மாணவியாக உட்கார்ந்தார். எம்.பி.ஏ. படிக்க அல்ல. அரசியலும் பொதுக் கொள்கையும் படிக்க.

1990-ல் முதுகலை. பிறகு அங்கேயே ஆராய்ச்சி. 1994-ல் பிர்க்பெக் கல்லூரியில் லெக்சரர். பாடம் நடத்திக்கொண்டே 1996-ல் பி.எச்டி.

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம், என் அக்கா மகன்.

பையன் நான்கு வருஷமாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். ஏதோ ஒரு அரசுத் துறைக்கு சான்றிதழ் விண்ணப்ப ஃபார்ம் எழுதிக் கொடுக்கிற வேலை. போன மாதம் திடீரென்று, 'வேலையை விட்டுட்டுப் பொது நிர்வாகம் படிக்கப் போறேன்' என்றிருக்கிறான். அக்கா எனக்கு போன் பண்ணி அழுதாள். 'இவனுக்கு யாரோ என்னமோ பண்ணிட்டாங்கடா, நீ வந்து பேசு.' போனேன். அத்தான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைகீழாகப் பிடித்திருந்தாரா என்று கவனிக்கவில்லை.

பையன் என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனான்.

"மாமா, எங்க ஃபார்ம்ல அப்பா பேருக்குப் பக்கத்துல ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்கும். அதை நிரப்பலைன்னா அடுத்த பக்கம் போகாது. போன மாசம் டெஸ்டிங்குக்காக ஒரு கவுன்டர்ல உக்காந்திருந்தேன். ஒரு அம்மா வந்தாங்க. குழந்தைக்கு அப்பா பேர் போட முடியாதுன்னாங்க. கவுன்டர்ல இருந்தவர் நல்ல மனுஷன்தான் மாமா. ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணிட்டு, 'சிஸ்டம் எடுக்கலைம்மா'ன்னு அனுப்பிட்டாரு. அந்த நட்சத்திரத்தைப் போட்டது நான்."

"யார் போடச் சொன்னாங்க?"

"அதான் மாமா விஷயம். யாரும் சொல்லலை. பழைய பேப்பர் ஃபார்ம்ல அந்தக் கட்டம் இருந்துது. நான் நட்சத்திரம் வெச்சேன்."

பேப்பர் ஃபார்மில் கட்டத்தைக் காலியாக விட்டால், ஆபீசர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, 'சரி, கோடு போடும்மா' என்று சொல்லிவிட முடியும். அந்த 'சரி, கோடு போடும்மா'வுக்கு நட்சத்திரத்தில் இடமில்லை. இருபத்தாறு வயசுப் பையன் ஒரு சாயங்காலம் வைத்த புள்ளி, சட்டத்தைவிடப் பெரிய சட்டமாகிவிட்டது. கெஜட்டில் வரவில்லை, சட்டசபையில் யாரும் கை தூக்கவில்லை.

அவனிடம் மார்கெட்ஸ் கதையைச் சொன்னேன். விளைவாக, அத்தான் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மார்கெட்ஸ் படிக்க வந்த காலத்தில் அரசியல் பேராசிரியர்களுக்கு கம்ப்யூட்டர் என்பது டைப்ரைட்டருக்குத் தம்பி. தேர்தலை ஆராயலாம், கட்சியை ஆராயலாம், மந்திரிசபையை ஆராயலாம். ஆபீஸ் மூலையில் சத்தம் போடுகிற இயந்திரத்தை யாராவது ஆராய்வார்களா? ஆராய்ந்த சிலரும் இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி, கம்ப்யூட்டர் வந்தால் லஞ்சமும் தாமதமும் தானாக ஓடிவிடும் என்றது. இன்னொரு கோஷ்டி, அரசாங்கம் நம் படுக்கையறை வரை எட்டிப் பார்க்கும் என்று பயந்தது. மார்கெட்ஸ் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சர்க்கார் ஆபீசுக்குள் உண்மையில் என்னதான் நடந்தது என்று பார்த்தார். 1999-ல் அது புத்தகமாக வந்தது. புரோகிராம் எழுதிப் பழகியவர் என்பதால் யாரும் அவரை, 'அது டெக்னிக்கல் விஷயம் மேடம், உங்களுக்குப் புரியாது' என்று திருப்பி அனுப்பியிருக்க முடியாது. இந்த ஒரு வாக்கியத்தால் உலகமெங்கும் எத்தனை ஆடிட்டர்கள் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

பிரிட்டனில் அப்போது ஒரு பெரிய கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. 1994-ல் அந்த நாட்டு வருமானவரித் துறை தன் கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் இ.டி.எஸ். என்ற அமெரிக்கக் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் விட்டது. துறையின் கம்ப்யூட்டர் ஊழியர்கள் சுமார் 2,000 பேரும் கூடவே கம்பெனிக்கு மாற்றப்பட்டார்கள்.

கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் விடுவதில் தப்பில்லை. எல்லாரும் விடுகிறோம். ஆனால் பந்திக்கு முன்னால் சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, 'உப்பு தூக்கல், பருப்பு வேகலை' என்று சொல்ல நம் பக்கத்தில் ஒரு பெரியம்மா வேண்டும். பிரிட்டிஷ் சர்க்கார் பெரியம்மாவையும் சேர்த்துக் காண்ட்ராக்டருக்கே அனுப்பிவிட்டது.

2003 ஏப்ரலில் பந்தி. ஏழைக் குடும்பங்களுக்கான வரிச் சலுகைப் பணத்தைக் கொடுக்கும் புதிய கம்ப்யூட்டர் ஏற்பாடு படுத்துக்கொண்டது. பல குடும்பங்களுக்குப் பணம் நேரத்துக்கு வரவில்லை. வேறு பல குடும்பங்களுக்கு அதிகமாக வந்து, செலவழிந்த பிறகு 'திருப்பிக் கொடு' என்று கடிதம் வந்தது. (சம்பளத்தில் அதிகமாகப் போட்டுவிட்டு அடுத்த மாதம் பிடிப்பார்களே, அந்த வலி உங்களுக்குத் தெரியும்.) 2005-ல் கம்பெனி அரசுக்கு 7 கோடியே 12 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டது.

மார்கெட்ஸும் பாட்ரிக் டன்லீவி என்ற லண்டன் பேராசிரியரும் இன்னும் இருவருமாகச் சேர்ந்து இதைத்தான் ஏழு நாடுகளில் அளந்து பார்த்தார்கள். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், நெதர்லாந்து. 2006-ல் வந்த அவர்கள் புத்தகத்தின் முடிவை என் பாஷையில் சொன்னால்: எந்த நாட்டில் காண்ட்ராக்டர் பெரிய ஆளாகவும் அரசாங்கம் விஷயம் தெரியாத ஆளாகவும் இருக்கிறதோ, அங்கே கம்ப்யூட்டர் திட்டங்கள் அதிகம் சொதப்புகின்றன. பிரிட்டன் இந்த வரிசையில் தலைகுனிய வேண்டிய இடத்தில் இருந்தது. ஒரே கம்பெனி ஆதிக்கம் செலுத்தாத நெதர்லாந்துக்கு நல்ல மார்க். (நெதர்லாந்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறது.)

இதற்குள் அவர் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் புரொபசராகி, 2004-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார். அங்கே 2001-ல் தொடங்கியிருந்த இன்டர்நெட் இன்ஸ்டிடியூட்டில் பதவி. 2011 முதல் 2018 வரை அதற்கு டைரக்டர். 2019-ல் ஓ.பி.ஈ. விருது, பிரிட்டிஷ் அகாடமி உறுப்பினர். பதவி, விருது எல்லாம் இவ்வளவு போதும். பயோடேட்டா படிக்கவா நீங்கள் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குகிறீர்கள்?

எனக்கு அவர் வேலையில் பிடித்த பகுதி, ஆடிட். பிரிட்டனில் தேசிய தணிக்கை அலுவலகம் என்று ஒன்று உண்டு. நம் சி.ஏ.ஜி. மாதிரி. அதற்காக டன்லீவியும் இவரும் 1999, 2002, 2007 என்று மூன்று தடவை, அரசாங்க வெப்சைட்டுகள் யாருக்காவது உபயோகப்படுகின்றனவா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதினார்கள். 2007 ரிப்போர்ட்டில் ஒரு விஷயம். உங்கள் வெப்சைட்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டதற்கு, கால்வாசிக்கும் மேற்பட்ட அரசு அமைப்புகளால் கணக்குத் தர முடியவில்லை. நீங்கள் ஆபீசில் ஆட்டோவுக்கு அறுபது ரூபாய் போட்டுவிட்டு ரசீது இல்லாமல் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனிடம் நின்று பாருங்கள், தெரியும்.

கிறிஸ்டோபர் ஹூட் என்று ஒரு நிர்வாகவியல் அறிஞர். (ராபின் ஹூடுக்கு உறவில்லை.) அரசாங்கத்தின் கையில் இருக்கும் ஆயுதங்கள் மொத்தமே நான்கு என்று 1983-ல் எழுதினார். அதிகாரம், பணம், ஆள்படை மூன்றும் நமக்குத் தெரிந்தவை. நான்காவது, எல்லாத் தகவலும் தன் வழியாகப் போகிற மாதிரி நடுவில் உட்கார்ந்திருப்பது. ஆங்கிலத்தில் இந்த நான்கின் முதலெழுத்துகளையும் சேர்த்தால் 'நேட்டோ' என்று வரும். 2007-ல் ஹூடும் மார்கெட்ஸும் இந்தப் புத்தகத்தை இன்டர்நெட் காலத்துக்காகத் திருப்பி எழுதினார்கள்.

நடுவில் உட்கார்ந்திருப்பது என்றால் என்ன? பழைய தாலுகா ஆபீசில் வாசல் மரத்தடியில் ஒருவர் இருப்பார். எந்த ஃபார்ம், எந்த ஸ்டாம்ப், எந்த கிளார்க் லீவு எல்லாம் தெரியும். அவருக்கு அதிகாரமில்லை, ஆபீஸ் சம்பளம் இல்லை. ஆனால் எல்லாரும் அவரைத்தான் முதலில் கேட்பார்கள். அதுதான் பலம். இன்டர்நெட் வந்த பிறகு ஜனங்கள் எதையும் முதலில் கூகுளைக் கேட்கிறார்கள். மரத்தடி மாறிவிட்டது. அரசாங்கம் இதைக் கவனிக்காமல் தன் நாற்காலியை மட்டும் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தால், நான்கில் ஓர் ஆயுதம் தானாகக் கையைவிட்டுப் போய்விடும்.

இன்னொரு சின்ன ஆராய்ச்சி, கையெழுத்து இயக்கம் நடத்துகிறவர்களுக்குப் பயன்படும். பிரிட்டிஷ் பிரதமரின் வெப்சைட்டில் பொதுமக்கள் மனுப் போட ஒரு வசதி இருந்தது. அங்கே வந்த 8,000-க்கும் அதிகமான மனுக்களை மார்கெட்ஸும் சகாக்களும் இரண்டு வருஷம் தினம் தினம் எண்ணினார்கள். பெரும்பாலானவை 500 கையெழுத்தைக்கூட எட்டவில்லை. ஜெயித்தவை பெரும்பாலும் விறுவிறுவென்று வளர்ந்தவை. மொத்தம் எத்தனை கையெழுத்து விழும் என்பதற்கு முதல் நாள் வசூலே பெரிய அடையாளம். நம் சினிமா விநியோகஸ்தர்களுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். இனி சொல்வதற்குச் சிரிப்பு வரவில்லை. இவை மார்கெட்ஸ் செய்த ஆராய்ச்சிகள் அல்ல. இந்தப் படிப்பு எதற்கு என்று என் அத்தான் கேட்டால் சொல்லலாம் என்று எடுத்து வைத்தவை.

பிரிட்டனில் போஸ்ட் ஆபீஸ் அரசுக்குச் சொந்தமானது. கிராமத்திலும் தெருமுனையிலும் இருக்கிற கிளைகளைத் தனியார் ஏஜென்ட்டுகள் நடத்துவார்கள். பாதி மளிகைக் கடை, பாதி தபால் கவுன்டர். 1999 முதல் அவற்றில் 'ஹொரைசன்' என்ற கணக்கு ஏற்பாடு வந்தது. ஜப்பானிய ஃபியூஜிட்சு குழுமத்துடையது. சாயங்காலம் கணக்கு முடித்தால், கல்லாவில் இருப்பதற்கும் கம்ப்யூட்டர் சொல்வதற்கும் ஆயிரக்கணக்கான பவுண்டு வித்தியாசம். பணம் எங்கே? கம்ப்யூட்டர் சொல்கிறது, ஆகவே நீதான் எடுத்தாய். சிலர் வீட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். சிலர் திவாலானார்கள். 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டவர்களுக்குத் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டனை. கர்ப்பிணிப் பெண் ஒருவரை 2010-ல் சிறைக்கு அனுப்பினார்கள்.

தப்பு அந்த சாஃப்ட்வேரில்.

இதில் சட்டமும் கை கொடுத்தது. அதற்கு முன்னால் இங்கிலாந்தில், கம்ப்யூட்டர் கணக்கைக் கோர்ட்டில் சாட்சியாக வைத்தால் அது ஒழுங்காக வேலை செய்தது என்று வைத்தவர் காட்ட வேண்டும். அந்த விதியை 1999-ல் ஒரு சட்டம் போட்டு நீக்கினார்கள். 2000 முதல், எதிராளி சந்தேகத்தைக் கிளப்பும் ஆதாரம் காட்டாதவரை கம்ப்யூட்டர் சரியாகத்தான் இருந்தது என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். தெருமுனைக் கடைக்காரர் ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் புரோகிராமில் எந்த வரியில் ஓட்டை என்று எப்படிக் காட்டுவார்? ஆலன் பேட்ஸ் என்ற ஏஜென்ட் வருஷக்கணக்கில் விடாமல் ஆள் சேர்த்துப் போராடி, 2019-ல் ஹைகோர்ட் 'ஹொரைசனில் கோளாறு இருந்தது' என்று சொன்னது. 2024-ல் பார்லிமென்ட்டே சட்டம் போட்டு நூற்றுக்கணக்கான தண்டனைகளை ரத்து செய்தது. அதற்குள் சிலர் இறந்துபோயிருந்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் கணக்கு இன்னும் எளிது. உதவித்தொகை வாங்குகிறவர்கள் ஏமாற்றுகிறார்களா என்று பார்க்க ஒரு ஏற்பாடு. 2015-ல் தொடங்கியது. வரித்துறையிடமிருந்து ஒருவரின் வருஷ வருமானத்தை எடுத்து 26-ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று பரப்பிவிடும். நீங்கள் ஆறு மாதம் வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கி, அடுத்த ஆறு மாதம் வேலைக்குப் போனவர் என்றால்? முதல் ஆறு மாதத்திலும் நீங்கள் சம்பாதித்ததாகக் கணக்கு வரும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டு என்று நோட்டீஸ் வரும். நாலாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும் தப்பு. அந்த ஊர் ஜனங்கள் இதற்கு 'ரோபோடெட்' என்று பெயர் வைத்தார்கள். 2020-ல், 3 லட்சத்து 73 ஆயிரம் பேருக்கு 72.1 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. 2023-ல் விசாரணைக் கமிஷன் அறிக்கை வந்தது. ஒன்றைக் கவனியுங்கள். இதில் சாஃப்ட்வேர் சொன்னபடிதான் வேலை செய்தது. சொன்னதுதான் தப்பு.

நெதர்லாந்தை ஞாபகம் வைக்கச் சொன்னேன். அந்த நல்ல மார்க் வாங்கிய பிள்ளை, குழந்தைகள் காப்பக உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைக் கண்டுபிடிக்க ஒரு கம்ப்யூட்டர் வடிகட்டி வைத்தது. 'இவர் நெதர்லாந்துக் குடிமகன் இல்லை' என்பதையும் சந்தேகத்துக்கு ஒரு காரணமாக அது எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான பெற்றோர்கள் மோசடிக்காரர்கள் ஆனார்கள். ஒரு கையெழுத்து விடுபட்டதற்காக முழுத்தொகையையும் திருப்பிக் கேட்டார்கள். 2021 ஜனவரியில் பிரதமர் ரூட்டாவின் மந்திரிசபையே ராஜினாமா செய்தது.

மூன்று ஊரிலும் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அக்கா மகன் சொன்ன 'நல்ல மனுஷன்' மாதிரிதான் பலர் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் சிஸ்டம் எடுக்கவில்லை.

பையன் நான்கைந்து இடத்துக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கிறான். ஒரு ஃபார்மில் தகப்பனார் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருந்ததாம். போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான்.

மார்கெட்ஸ் 2018-ல் லண்டனிலுள்ள ஆலன் டூரிங் இன்ஸ்டிடியூட்டில் பொதுக் கொள்கைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். செயற்கை நுண்ணறிவை அரசாங்கத்தில் எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது என்று பார்க்கிற இடம். அங்கே அவரும் சகாக்களும் 2024-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். பிரிட்டனின் மத்திய அரசு சுமார் 400 சேவைகளில் வருஷத்துக்கு ஏறக்குறைய 100 கோடி தடவை பொதுமக்களோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறது. அதில் 14.3 கோடி, சிக்கலானவை, ஆனால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருபவை. இவற்றில் ஒவ்வொன்றிலும் சராசரியாக ஒரே ஒரு நிமிஷம் மிச்சம் பிடித்தாலே, வருஷத்துக்கு 1,200 பேர் முழு வருஷமும் பார்க்கிற வேலை மிச்சமாம்.

பேப்பரில் பெருக்கி வகுத்துப் பார்த்தேன், கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் இது அந்த ஊர் நிமிஷம். நம் கவுன்டரில், 'ஒரு நிமிஷம் இருங்க சார்' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறாரே, அந்த நிமிஷத்தை வைத்து யாராவது கணக்குப் போட்டால் எனக்கு எழுதுங்கள்.